பிடரிக் கறுப்பு தேய்த்தால் போகாது

கேள்வி: மகனுக்கு 14 வயது. உயரம் 160 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ. பிடரி கறுத்துத் தடித்துக் கிடக்கிறது. தேசிக்காய், பீர்க்கம் நார் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 92, ட்ரைகிளிசரைட் 138, எஸ்.ஜி.பி.ரி. 38, இன்சுலின் 24. லாப் தாளில் எல்லாம் ‘நோர்மல்’. அப்ப பயமில்லைத்தானே?
- விசுவமடுவிலிருந்து ஒரு தாய்

அம்மா, முதலில் அந்தத் தேய்ப்பை நிறுத்துங்கள். அது ஊத்தை இல்லை. இரத்தத்தில் இன்சுலின் மிஞ்சி நிற்கும்போது அது தோலின் கலங்களைத் தூண்டிவிடும். பிடரியும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுக்கும். ‘குளிக்கிறேல்லையோ’ என்ற வகுப்புப் பகிடியே அவனுக்குப் போதும், வீட்டிலும் வேண்டாம்.

சீனி 92 நல்ல அளவுதான், 100க்குக் கீழே. ஆனால் அதை 92இல் பிடித்து வைக்கக் கணையம் படும் பாடு தாளில் தெரியாது. தசையும் ஈரலும் இன்சுலினுக்கு மசியாதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். அது களைத்த பிறகுதான் சீனி ஏறும்.

மற்ற இரண்டு எண்களில்தான் எனக்குக் கவலை. லாப் தாளில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் வளர்ந்தவர்களின் அளவு. ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 150க்குள் இருந்தால் நமக்குச் சரி; 10 முதல் 19 வயதுப் பிள்ளைக்கு 130 தாண்டினாலே கூடுதல்தான். ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.ரி. ஆண்பிள்ளைக்கு 26, பெண்பிள்ளைக்கு 22க்குள் இருக்கவேண்டும். 38 என்றால் ஈரலில் கொழுப்புப் படியத் தொடங்கியிருக்கலாம், மறுபடி பார்க்கவேண்டும். இன்சுலின் பரிசோதனைக்கு மட்டும் இனிக் காசு கொட்டாதீர்கள். பருவமடையும் வயதில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பாகவே கூடும், லாப்புக்கு லாப் மாறும், அதை வைத்து எந்த மருந்தையும் முடிவுசெய்வதில்லை.

அதைவிடத் தையல் நாடா நல்ல சாட்சி. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் சுற்றி அளவெடுங்கள். உயரத்தில் பாதி, அதாவது 80 சென்ரிமீற்றர், தாண்டினால் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டி, பிரஷரையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யையும் பார்க்கச் சொல்லுங்கள். எச்.பி.ஏ.1.சி. 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது. இரத்தச்சோகை இருந்தால் அந்த எண் ஏமாற்றும், அப்போது குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணித்தியாலத்தில் பார்ப்பார்கள். கறுப்புக் கழுத்துக்காக மட்டும் மெற்போமின் என்ற சீனி வருத்த மாத்திரையைத் தொடங்குவதில்லை.

2009 போர்க்காலத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாயிடம், பிள்ளையின் கோப்பையில் சோற்றைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேத்தண்ணியில் இருந்து தொடங்குவோம். நாளுக்கு நாலு தேத்தண்ணி, மூன்று கரண்டி வீதம் என்றால் ஏறக்குறைய 50 கிராம் சீனி. ரியூசன் இடைவேளையின் பணிஸும் சோடாவும் அதற்கு மேல். சோடாவை அடியோடு விடட்டும். சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகாமல் சைக்கிளைக் கொடுங்கள். பின்னேரம் வொலிபோல் விளையாடினால் இன்னும் நல்லது. நிறை இறங்காவிட்டாலும் தசை இன்சுலினுக்கு மசியத் தொடங்கும். வளர்கிற பிள்ளை, நிறை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே முன்னேற்றம்தான்.

திடீரென நிறை குறைந்து, தாகமும் அடிக்கடி சலம் போவதுமாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி மாதமொருமுறை இடுப்பளவையும் நிறையையும் ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.