கோபம் கடைக்காரர் மேல், வழக்கு இணைய வியாபாரி மேல்

வாசகரின் கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். இரண்டு அமெரிக்க ட்ரேட் டாலர்கள், அதாவது ஆசிய வணிகத்துக்கென்று அடித்த பழைய வெள்ளி நாணயங்கள், வாங்கியிருக்கிறார். ஒன்று, பல வருடப் பழக்கமுள்ள நாணயக் கடையில். பில்லில் "பழைய வெள்ளி நாணயம் - 1" என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்று இணைய வியாபாரி ஒருவரிடம், கார்டில் பணம் கட்டி. "1875, சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை, அசல், 90 சதவீத வெள்ளி" என்ற விவரமும் இரண்டு பக்கப் படங்களும் விற்பனைப் பக்கத்தில் இருந்தன. வாங்கி மூன்று மாதம் தாண்டிவிட்டது. போன வாரம் எடை போட்டால் இரண்டுமே 24 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இருக்க வேண்டியது 27.22 கிராம், ஆக இரண்டும் போலி என்கிறார். "தெரிந்த மனிதரே கழுத்தறுத்துவிட்டார். கடைக்காரர் மேல் மோசடிப் புகார் கொடுக்கலாமா? இணையத்தில் வாங்கியது போனது போனதுதானே?" இதுதான் கேள்வி.

ஐயா, விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். கடைக்காரர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்ததும், அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டியதும் வழக்குக்கு உதவாது. விற்றவர் எதை எழுதிக் கொடுத்தார், உங்கள் கைக்கு வந்த பொருள் அதுதானா? நீதிமன்றம் கேட்கப்போவது இதை மட்டும்தான்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. இந்தியாவின் 1930 சட்டம், இலங்கையின் 1896 சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் எல்லாமே இங்கிலாந்தின் 1893 பொருள் விற்பனைச் சட்டத்தின் வாரிசுகள். விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது எல்லாவற்றிலும் உண்டு. இணைய வியாபாரி வருடம், நாணயச்சாலை, உலோகம், "அசல்" என்று நான்கு வாக்குறுதி கொடுத்திருக்கிறார். கடைக்காரர் எழுத்தில் கொடுத்தது "பழைய", "வெள்ளி" என்ற இரண்டே சொல். ட்ரேட் டாலர் என்றுகூட பில்லில் இல்லை. அது பழைய வெள்ளியில் அடித்த போலியாக இருந்தால் பில் பொய்யாகாது. வாயால் சொன்னதும் சட்டப்படி வாக்குறுதிதான், ஆனால் சாட்சி யார்?

மோசடிப் புகாரை மறந்துவிடுங்கள். விற்ற நேரத்தில் போலி என்று அவருக்குத் தெரிந்திருந்தது என நிரூபிக்க வேண்டும். "நானும் ஏமாந்துதான் வாங்கினேன்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். இந்த நாணயத்தில் போலிகள் அவ்வளவு புழங்குகின்றன. ஆக, பலமான வழக்கு நீங்கள் கைகழுவிய இணைய நாணயத்தில்தான். அதைக் கெடுக்கும் வேலையை நீங்கள் ஏற்கனவே தொடங்கிவிட்டீர்கள் என்பதுதான் என் கவலை.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "கறுத்திருந்ததால் பாலிஷ் போட்டுத் துடைத்தேன்." எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு எதையும் படிக்க மாட்டார், இதை மட்டும் படிப்பார். பொருளை உங்கள் சொந்தப் பொருளாகப் பாவித்து ஏதாவது செய்தாலோ, குறை சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். ஏற்றபின் நாணயத்தைத் திருப்பித் தள்ளும் உரிமை போய்விடும், நஷ்டஈடு மட்டும் மிஞ்சும். 1950-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான லீஃப் வழக்கில் இதுதான் நடந்தது. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று 1944-இல் ஓவியம் வாங்கியவர் ஐந்து வருடம் கழித்து விற்கப் போனபோது அது கான்ஸ்டபிளுடையதல்ல என்று தெரிந்தது. வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டார், நஷ்டஈடு கேட்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். நீங்கள் இரண்டையும் கேளுங்கள், ஒன்று இல்லாவிட்டால் மற்றது என்று. போலி நாணயத்துக்கு நஷ்டஈடே கிட்டத்தட்ட முழு விலையைத் தொடும்.

பாலிஷின் இன்னொரு கேடு அடையாளம். படத்தில் ஓரம் கறுத்திருக்கும் நாணயம் உங்கள் கையில் பளபளக்கிறது. "இது என் நாணயமே இல்லை, என் அசலை எடுத்துக்கொண்டு போலியைக் காட்டுகிறார்" என்று வியாபாரி சொன்னால்? இந்த இடத்தில் விழுந்து எழ முடியாமல் போன கட்சிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களில் கழுகின் இடது சிறகுக்குக் கீழே இரண்டு சீன எழுத்து முத்திரைகள் தெரிகின்றன, ஒன்று சற்றுச் சாய்ந்து விளிம்பைத் தொடுகிறது. சாப் முத்திரை என்பார்கள். இந்த டாலர்களை 1873 முதல் ஆசிய வணிகத்துக்கென்றே அடித்தார்கள். சீன வணிகர்கள் சோதித்துப் பார்த்து ஆணி அடித்ததுபோல் குத்திய குறி அது. உங்களுடையதில் குறியே போலியாக இருக்கலாம், பரவாயில்லை. பாலிஷ் போட்டாலும் இடம் மாறாது. வியாபாரியின் படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விற்பனைப் பக்கம் மறையும் முன் இன்றே முழுதாகச் சேமியுங்கள். இனி துடைக்காதீர்கள், உரைகல்லில் உரசவும் விடாதீர்கள். கீறாமல் உலோகத்தைச் சொல்லும் எக்ஸ்ரே சோதனை போதும்.

அப்புறம், இணைய வியாபாரிக்கு அனுப்பிய செய்தியில் "இருபது வருடமாகச் சேகரிக்கிறேன், எனக்குத் தெரியாததா" என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. ஹார்லிங்டன் வழக்கு என்று ஒன்று, இதுவும் ஓவியம் விற்ற இங்கிலாந்து வழக்குதான், 1990 தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. விற்றவர் அதை வரைந்தவரைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார், வாங்கியவர் அந்தத் துறைக்காரர். விவரத்தை நம்பி வாங்கவில்லை என்று வாங்கியவர் தோற்றார். உங்கள் விஷயத்தில் வியாபாரி "அசல்" என்று உறுதியாக எழுதியிருப்பதால் நீங்கள் தப்பிக்கலாம். இனிமேலாவது பெருமை பேசாதீர்கள்.

காலக்கெடு. கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கியில் பதியும் தகராறுக்குப் பெரும்பாலும் 120 நாள்தான். வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். "நிபுணரிடம் காட்டுகிறோம் சார், அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று இழுப்பார்கள், 121-ஆம் நாள் பதிலே வராது. அவரிடம் பேசிக்கொண்டே வங்கியில் தகராறைப் பதியுங்கள். இணையத்தில் வாங்கினால் 14 நாளில் காரணமே சொல்லாமல் திருப்பலாம் என்று யாரோ சொன்னார்களாம். அது ஐரோப்பிய ஒன்றியத்து விதி. அங்கே இருந்தாலும் உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

திருப்பி அனுப்பச் சொன்னால், தராசில் எடை தெரிய, முத்திரை தெரிய, பெட்டியை ஒட்டி முடிக்கும் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். துண்டு துண்டாக எடுத்தால் "நடுவில் மாற்றிவிட்டார்" என்பார்கள்.

கடிதத்தின் கடைசி வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: "பேசாமல் இரண்டையும் யாரிடமாவது தள்ளிவிடலாமா?" கூடாது. கடைக்காரருக்குத் தெரிந்திருந்ததா என்பதை உங்களால் நிரூபிக்க முடியாது. உங்களுக்குத் தெரியும் என்பதை இந்தக் கடிதமே நிரூபிக்கும். நீங்கள் அவர் மேல் போட நினைத்த மோசடி வழக்கு உங்கள் மேல் வரும். "இருப்பது இருந்தபடி" என்று சொல்லி விற்றாலும் தெரிந்ததை மறைத்தது மறைத்ததுதான்.

சரி, கடைக்காரரை என்ன செய்வது? சமரசம். சோதனையில் வெள்ளியே இல்லை என்று வந்தால் பில்லில் உள்ள அந்த ஒரு சொல்லைக் காட்டி முழுப் பணம் கேளுங்கள். வெள்ளிதான் என்று வந்தால் பாதிப் பணமோ வேறு நாணயமோ தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வழக்குச் செலவு அதைவிட அதிகமாகும். அதுவரை நண்பர்கள் குழுவில் "திருடன்" என்று எழுதாதீர்கள், அவதூறு நோட்டீஸ் வந்தால் பேரம் திரும்பிவிடும். பணம் தரும்போது ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்பார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மொட்டையாக இருந்தால் அந்தக் கடையில் நீங்கள் இத்தனை வருடம் வாங்கிய எல்லா நாணயத்துக்கும் அது பொருந்தும் என்று வாதிடுவார்கள். தேதி, பில் எண், எடை எழுதி, "இந்த ஒரு நாணயத்தைப் பொறுத்து மட்டும்" என்று சேர்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.