குடலில் செரோட்டோனின் சுரக்கிறதே, மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. மனச்சோர்வுக்காக நான்கு மாதங்களாக மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது நன்றாகத் தூங்குகிறேன், மனமும் தேறியிருக்கிறது. ஆனால் மலச்சிக்கல் பாடாய்ப்படுத்துகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது, குடலைச் சரிசெய்தால் மூளை தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்சூல் வாங்கிவிட்டேன். மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் சாப்பிடலாமா?

பதில்: தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கேட்ட 90 சதவீதக் கணக்கு ஏறக்குறைய சரி. ஆனால் குடலில் சுரக்கும் செரோட்டோனின் குடல் அசைவுக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கும்தான் பயன்படுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வீடியோவில் விட்டுப்போனது இந்தப் பாதிதான்.

அதற்காகக் குடலுக்கும் மூளைக்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளிடம் அதைக் கண்ணெதிரே பார்க்கலாம். குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவைக் கெட்டுப்போன கல்லீரலால் வடிகட்ட முடியாது. அது மூளைக்குப் போய்விடும். நோயாளிக்கு நாள், கிழமை தெரியாது. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு சிறகு போலப் படபடக்கும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து கொடுத்து, நாலைந்து முறை வயிறு போனதும் பலருக்குத் தெளிவு திரும்பிவிடும். மூளைக்குத் தனியாக எதுவும் கொடுத்திருக்க மாட்டோம். இதை ஒருமுறை பார்த்தவர்கள் குடலை வெறும் சாப்பாட்டுக் குழாய் என்று நினைக்க மாட்டார்கள்.

ஆரோக்கியமானவர்களிடம் இந்தத் தொடர்பு இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அழற்சியையும் அது தணிக்கிறது. நாள்பட்ட அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் உறவு உண்டு.

உணவை மாற்றினால் மனம் தேறுமா? ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. காய்கறி, பழம், பயறு, முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று 12 வாரம் சாப்பிட்டவர்களில் 32 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டார்கள். பேச்சுத் துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான், யார் எந்தக் குழு என்பது அவர்களுக்கே தெரியும் என்பதும் ஒரு குறை. உங்களுக்கு முக்கியமான விஷயம் வேறு: அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையோ ஆலோசனையோ, ஏதோ ஒரு சிகிச்சையில் இருந்தவர்கள். உணவு அதோடு சேர்ந்து நின்றது, அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

மனம் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர்வது வழக்கம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம், நோயும் திரும்பக்கூடும். நிறுத்தும் காலம் வரும்போது உங்கள் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

மலச்சிக்கலுக்கு வருவோம். மாத்திரையே காரணமாக இருக்கலாம், தைராய்டு குறைவும் இருக்கலாம். தைராய்டு குறைந்தால் மனமும் சோர்வதால், அந்த ரத்தப் பரிசோதனை இதுவரை செய்யவில்லையென்றால் செய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலோடு வேகவைத்த பயறு ஒரு கோப்பையிலேயே சுமார் 15 கிராம் இருக்கிறது. ஆனால் நாளையே ஒரு கோப்பை சாப்பிட்டுவிடாதீர்கள். வயிறு உப்பி, இரண்டே நாளில் வெறுத்துப்போகும். இரண்டு கரண்டியில் தொடங்கி, தண்ணீரையும் கூட்டிக்கொண்டே, இரண்டு மூன்று வாரத்தில் அந்த அளவுக்கு வாருங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேப்சூலில் உள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை; நிறுத்திய சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் வெளியேறிவிடும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் நீங்கள் எடுக்கவில்லையென்றால், வாங்கியதைச் சாப்பிட்டு முடியுங்கள். அடுத்த டப்பாவுக்கான பணத்தில் பயறும் காய்கறியும் வாங்குங்கள்.