மூடிய விமானப்படைத் தளமும் கிணற்று நீரும்: கேள்வி பதில்

மிச்சிகனில் வர்ட்ஸ்மித் விமானப்படைத் தளத்தை 1993-லேயே மூடிவிட்டார்கள். நிலத்தடி நீரை இன்னும் ஏன் சுத்தம் செய்கிறார்கள்?

மூடும்போதே பிரச்சினை பழசு. அங்கே குடிநீரில் டிசிஇ என்ற கரைப்பான் இருப்பது 1977-லேயே தெரிந்தது. இயந்திர பாகங்களில் கிரீஸ் போக்க உதவும் திரவம் அது, தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அதனால் கொட்டினால் நீர்மட்டத்தோடு நிற்காமல் களிமண் அடுக்கு வரை இறங்கி அங்கேயே தேங்கும், களிமண்ணுக்குள்ளும் ஊறும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரே லிட்டர் டிசிஇ சுமார் 29 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம் தீயணைப்புப் பயிற்சியில் அடித்த நுரை, அதிலிருந்து நிலத்தில் இறங்கிய பிஃபாஸ் என்ற எளிதில் சிதையாத வேதிப்பொருட்கள். அந்தத் தளத்தை ஒட்டிய கிளார்க்ஸ் சதுப்பில் பிடித்த மீனைச் சாப்பிடக் கூடாது என்று 2012-ல் எச்சரித்தார்கள். 2018-ல் அந்தப் பக்கத்து மான் இறைச்சிக்கும் அதே எச்சரிக்கை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா?

போதாது. பிஃபாஸ் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். டிசிஇ ஆவியாகும், ஆனால் அந்த ஆவியை அடுப்பருகே நிற்கும் நீங்கள்தான் சுவாசிப்பீர்கள்.

எங்கள் கிணற்று நீர் தெளிவாக இருக்கிறது, வாசனையும் இல்லை.

இந்த அளவுகளில் கண்ணும் மூக்கும் உதவாது. சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். பிஃபாஸ் மாதிரி எடுக்கப் போகும்போது நாங்கள் நீர்புகா மேலாடைகூடப் போடமாட்டோம், டெஃப்ளான் குழாயைத் தொடமாட்டோம், ஏனென்றால் அவற்றிலும் பிஃபாஸ் இருக்கலாம், அதிலிருந்து ஒட்டும் துளியே முடிவைக் கெடுத்துவிடும்.

எனக்குத் தைராய்டு இருக்கிறது, இதனால்தானா?

மருத்துவரிடம் கேளுங்கள், கிணற்றின் சோதனை முடிவையும் எடுத்துப் போங்கள்.

நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்ய இத்தனை வருடம் பம்ப் ஓட்டியும் முடியவில்லை. பணம் வீண்தானே? பாக்டீரியாவை விட்டால் தின்றுவிடாதா?

வீண் என்பதை ஏற்கமாட்டேன். பம்ப் அழுக்கை எடுப்பதோடு, அந்த அழுக்கு ஏரிக்கும் பக்கத்துக் கிணறுகளுக்கும் நகராமல் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. டிசிஇ-யைச் சிதைக்கும் பாக்டீரியா உண்மையிலேயே உண்டு, குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். பாதியில் நின்றால் வினைல் குளோரைடு என்ற இன்னொரு நச்சு மிஞ்சும், அதன் வரம்பு 2 மைக்ரோகிராம்தான், டிசிஇ-யைவிடக் கடுமையான வரம்பு. பிஃபாஸுக்கு இந்த வழி உதவாது. கார்பன் வடிகட்டியில் பிடித்து, கார்பன் நிறைந்ததும் மாற்றத்தான் வேண்டும்.

அப்படியென்றால் எப்போதுதான் பம்பை நிறுத்துவது? அளவு வரம்புக்குக் கீழே வந்ததாகச் சொன்னார்களே?

நீங்கள் விடமாட்டீர்கள், நல்லதுதான். பம்ப் ஓடும்போது எடுத்த அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. நிறுத்தியபின் களிமண்ணில் ஊறியது மெல்ல வெளியே வரும், சில மாதங்களில் எண் மறுபடி ஏறும். நிறுத்தி, பல பருவங்கள் தொடர்ந்து அளந்து, ஏறவில்லை என்று பார்த்த பிறகே குழாயைக் கழற்றலாம்.

காய்ச்சிக் குடித்தால்...?

இரண்டாவது கேள்வியைப் படியுங்கள், தயவுசெய்து. குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீர் என்றால், முடிவு வரும்வரை அந்தக் கிணற்று நீரை ஒரு வேளைக்குக்கூட எடுக்காதீர்கள்.