வாசகர் கேள்வி – பதில்: கடைசி நேரத்தில் போட்ட பாட்டு

கேள்வி: மாமா கனடாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பெட்டிக்குள் பிளாக் சபாத் என்ற ஆங்கிலேய றொக் இசைக்குழுவின் 'பரனொயிட்' கசெற் இருந்தது. ஃபோனில் தேடிக் கேட்டேன், நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 1970இல் வந்த அல்பத்தை இன்னமும் ஏன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்? இதைவிட வேகமான, கனமான பாட்டெல்லாம் எப்போதோ வந்துவிட்டதே!
– உவர்மலை வாசகர், 19 வயது

பதில்: வந்துவிட்டது தம்பி, மறுக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த பையன்கள் எல்லோரும் ஹெவி மெற்றல் என்கிற இந்தக் கனத்த றொக் இசை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஸ்டூடியோவுக்குள் போனவர்கள். பிளாக் சபாத்தின் இந்த நாலு பேருக்கும் பார்த்துச் செய்ய ஆள் கிடையாது. கையில் இருந்ததை வைத்து, சரியாகச் சொன்னால் கையில் இல்லாததை வைத்துத்தான் அந்தச் சத்தத்தைப் பிடித்தார்கள்.

சும்மா சொல்லவில்லை. கிற்றார் வாசித்த டொனி அயோமி பேர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 17 வயது, வேலையை விட்டுப் போகும் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவர் இனித் திரும்பிப் போகமாட்டேன் என்றிருக்கிறார், ஒழுங்காகப் போய் முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பியிருக்கிறார், அன்றைக்கென்று பார்த்து வலது கையின் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் நுனியை மெஷின் கொண்டுபோய்விட்டது. அவர் இடதுகைக்காரர், தந்தியை அமுக்குகிற கை அதுதான்! பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், அழுத்தினால் நோகும் என்று மெல்லிய தந்தி கட்டினார், விரல் ஓடித் திரிய முடியாத இடத்தில் இரண்டு தந்தியைச் சேர்த்துப் பிடித்துத் தடிப்பாக ஒலிக்கவிட்டார். பிறகு 1971இல் வந்த அல்பத்தில் தந்தியைத் தளர்த்திச் சுருதியையே இறக்கிவிட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பத்து விரலும் நன்றாக உள்ள பையன்கள் அந்தச் சத்தம் வர வேண்டுமென்று மண்டையை உடைக்கிறார்கள்.

அல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு இன்னொரு கூத்து. பதிவு முடிகிற நேரம் பார்த்தால் அல்பத்துக்கு மூன்று நிமிடம் போதவில்லை. மற்றவர்கள் வெளியே போன இடைவெளியில் அயோமி அந்த மெட்டைப் பிடித்தார், பேஸ் வாசித்த கீஸர் பட்லர் அவசரமாக வரிகளை எழுதினார், ஓஸி ஒஸ்போர்ன் தாளைப் பார்த்தே பாடி முடித்தார். இட்டுநிரப்பப் போட்ட அந்தப் பாட்டு பிரித்தானியாவில் 4ஆம் இடத்துக்கு வந்தது, அல்பம் முதலாம் இடத்தையே பிடித்தது. அடுத்த முதலிடத்துக்கு அவர்கள் 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! அமெரிக்காவில் 40 இலட்சம் பிரதிகளுக்கு மேல் போன அல்பம் இது.

அல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வோர் பிக்ஸ்', அதாவது யுத்தப் பன்றிகள். கொம்பனிக்காரர்கள்தான் மாற்றினார்கள், ஆனால் அட்டைப்படம் முன்னமே எடுத்தாகிவிட்டது. வாளும் கேடயமுமாக ஒருத்தர் பாய்கிற அந்தப் படத்துக்கும், வீண் பயமும் சந்தேகமும் பிடித்தவன் என்று பொருள்படும் 'பரனொயிட்' என்ற சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்த 'வோர் பிக்ஸ்' பாட்டைத்தான் நீங்கள் திரும்பக் கேட்க வேண்டும். வியட்நாம் யுத்தம் நடக்கிற காலம். பெரியவர்கள் மேசையில் இருந்து திட்டம் போட, ஏழை வீட்டுப் பிள்ளை போய்ச் சாகிறான் என்கிறது பாட்டு. தொடக்கத்திலேயே விமானத் தாக்குதல் அபாயச் சங்கு ஊதும். அந்த நாலு பேரும் குண்டு விழுந்து இடிந்த ஊரில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து மூன்று நாலு வருடத்தில் பிறந்தவர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதையும் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு நாங்கள் கண்டது தனிக்கதை. திருமலைக்காரனுக்கு அந்தச் சங்குக்கு உரை எழுதத் தேவையில்லை.

நான் முதலில் கேட்டது ரெக்கோர்டிங் பாரில் பதிந்து வாங்கிய கசெற்றில். அல்பம் 42 நிமிடம், கசெற் 60 நிமிடம். மிச்சம் வீணாகக் கூடாதென்று கடைக்காரர் பொனி எம் குழுவின் டிஸ்கோப் பாட்டுகளைப் போட்டுத் தந்தார். இன்றைக்கும் கடைசிப் பாட்டு முடிந்தால் எனக்குள் பொனி எம் ஓடத் தொடங்கிவிடும்.

கேள்வி: இந்தக் குழு சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்கிறார் அம்மம்மா. பெயரே சரியில்லையாம். உண்மையா?
– பாலையூற்று வாசகி

பதில்: பெயர் ஒரு பேய்ப்படத்தின் பெயர், அவ்வளவுதான். கழுத்தில் தொங்கிய சிலுவைகளை ஓஸியின் தகப்பனார் செய்து கொடுத்தார். 'வோர் பிக்ஸ்' கடைசியில் தீர்ப்பு நாள் வருகிறது, யுத்தம் மூட்டியவர்கள் முழங்காலில் ஊர்ந்து இரக்கம் கேட்கிறார்கள். சாத்தான் சிரிக்கிறான், ஆனால் அவர்களைப் பார்த்து! அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், கோயில் பிரசங்கத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

கேள்வி: 'அயன் மான்' பாட்டை வாசிக்கப் பழகுகிறேன். தந்தியை இறக்க வேண்டுமா? அதோடு தந்தி அடிக்கடி துருப்பிடிக்கிறது.
– திருக்கடலூர் வாசகர்

பதில்: இறக்க வேண்டாம், 'பரனொயிட்' அல்பத்தில் வழமையான சுருதிதான். துருவுக்குக் காரணம் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற கடல். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் தந்தியைத் துடைத்து, கிற்றாரைப் பைக்குள் வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். அப்புறம், 2008இல் வந்த இதே பெயர்ப் படத்தின் முடிவில் இந்தப் பாட்டு ஒலித்ததால் அந்தக் கதாநாயகனைப் பற்றியது என்று நினைத்துவிட வேண்டாம். இது எதிர்காலத்துக்குப் போய் அழிவைக் கண்டு, திரும்புகிற வழியில் இரும்பாகிப்போனவன் கதை. எச்சரிக்க வந்தவனை ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை, அவனே அழிக்கக் கிளம்பிவிடுகிறான்.

கேள்வி: மகன் நாள் முழுக்க இந்த 'பரனொயிட்' அல்பத்தையே போடுகிறான். காது போகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.
– நிலாவெளித் தாய்

பதில்: மூன்றாவது பாட்டைப் போடச் சொல்லுங்கள் அக்கா, 'பிளனற் கரவன்'. கொங்கா மேளம் மெதுவாகத் தட்ட, ஓஸியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல வரும். சுழலும் ஒலிபெருக்கி வழியாகப் பதிந்தது. பின்னேரத்தில் கடற்கரையில் இருந்து கேட்கலாம். நாலரை நிமிடம் நிம்மதி. அடுத்த பாட்டு 'அயன் மான்', அதற்கு நான் பொறுப்பில்லை.