கிளினிக்கல் ரிசர்ச் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

ஐயா, பி.ஃபார்ம் முடிக்கப்போகும் மகளை கிளினிக்கல் ரிசர்ச் (மருந்துகளையும் சிகிச்சைகளையும் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு) டிப்ளமோவில் சேர்க்கலாமா, லட்சக்கணக்கில் கேட்கிறார்களே என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, இதை நம்பலாமா என்று குடைந்து பார்க்க அவருக்குப் பிடிக்கிறதா? இந்தத் துறையில் மேலே போக அதுதான் வேண்டும். அதைச் சோதிக்கச் செலவே இல்லை.

முதலில் சென்னையில் நடந்த ஆய்வையே எடுக்கட்டும். காசநோய் என்றால் சானடோரியம்தான், அதாவது நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் தனி மருத்துவமனைதான் என்றிருந்த காலம். 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் இன்னொரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை கொடுத்தது. வீட்டில் சாப்பாடும் ஓய்வும் குறைவுதான். ஆனாலும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. குலுக்கல் எதற்கு என்று மகளிடம் கேளுங்கள். டாக்டர்களே பிரித்திருந்தால் நோய் முற்றியவர்களை சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அப்புறம் ஒப்பிட்டு என்ன பயன்?

அடுத்தது, அமெரிக்காவின் காஸ்ட் ஆய்வு, 1989. மாரடைப்பு வந்தவர்களின் தாறுமாறான இதயத்துடிப்பை என்கைனைடு, ஃப்ளெகைனைடு மாத்திரைகள் நன்றாகவே அடக்கின. ஆனால் அவற்றைச் சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்தார்கள்; மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 22 பேர்தான். ஈசிஜி திருந்தியதா, ஆள் பிழைத்தாரா? எதை அளந்தார்கள் என்று பார்க்கும் கண் இங்கேதான் திறக்கும்.

'பாதிப்பு 50% குறைந்தது' என்றால், நூற்றில் எத்தனை பேருக்கு என்று கேட்க வேண்டும். 2 பேர் 1 ஆனாலும் 50%தான். பாதியில் விலகியவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பதும் முக்கியம். இந்தியாவில் நடக்கும் ஆய்வென்றால், சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதலில் எதை அளக்கப்போவதாகச் சொன்னார்கள் என்று பார்த்து, கட்டுரையோடு ஒப்பிடலாம். 2009 முதல் பதிவு கட்டாயம்.

இதில் மகளுக்கு ருசி தட்டினால் உயிர்ப்புள்ளியியல் (மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரங்களை அலசுவது) படிப்பு, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, மருத்துவக் கட்டுரை எழுதும் வேலை என்று வழிகள் இருக்கின்றன. கொட்டாவி வந்தால் மருத்துவமனை ஃபார்மசியோ மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) தேர்வோ பார்க்கலாம். அதுவும் நல்ல வழிதான்.

டிப்ளமோதான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு கட்டுரையையாவது மாணவர்களோடு அலசுகிறார்களா பாருங்கள். ஜி.சி.பி. (ஆய்வை முறைப்படி நடத்துவதற்கான விதிகள்) சான்றிதழைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள் என்றால், அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.