“நம்ம பாட்டில்தான் வாய்க்காலில் கிடக்கிறது” என்கிற மகளை என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீடாமங்கலம் பக்கம் பன்னிரண்டு வருடமாக வாட்டர் கம்பெனி நடத்துகிறீர்கள். கேன் தண்ணீரில் ஆரம்பித்து, இப்போது கல்யாண மண்டபங்களுக்கு 300 மில்லி பாட்டிலும் போடுகிறீர்கள். ஒரே மகள், பிளஸ் டூவில் பயோ மேத்ஸ், நல்ல மார்க். படித்துவிட்டுக் கம்பெனியைப் பார்த்துக்கொள் என்றால், “நம்ம பாட்டில்தான் வாய்க்காலில் கிடக்கிறது, அந்தக் காசில் படிக்க மாட்டேன்” என்கிறாள். சுற்றுச்சூழல்தான் படிப்பேன் என்று பிடிவாதம். வீட்டில் பத்து நாளாகச் சரியாகப் பேச்சே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. பாப்பா சொல்வது பொய்யில்லை. ஒரு ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்து சில நாள் கழித்து, வலங்கைமான் பக்கம் ஒரு கிளை வாய்க்காலில் புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்க நின்றிருந்தேன். தண்ணீருக்கு முன்னால் நுரை வந்தது. நுரையோடு பாட்டில்கள் வந்தன. ஷட்டர் பலகையில் போய் அடைத்துக்கொண்டதும், இரண்டு பேர் மூங்கில் கழியால் குத்திக் குத்தி இழுத்துக் கரையில் போட்டார்கள். அரைமணி நேரம் அதே வேலைதான். பாதி பாட்டிலில் குடித்த மிச்சம் அப்படியே இருந்தது. கடைமடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் வந்தால்கூட எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கோபம் வராவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. “சுற்றுச்சூழல்” என்ற பெயரைப் பார்த்து ஒரு படிப்பில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறாள். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். குறிப்பாக, ஆய்வகம் சரியில்லாத தனியார் கல்லூரியில், பெயருக்காக மட்டும் சேர்ப்பதற்கு. இந்தத் துறைக்கு வேண்டியது வேதியியலும் நுண்ணுயிரியலும் பிளாஸ்டிக் பற்றிய அறிவும். அவை கையில் இருந்தால் சுற்றுச்சூழல் பக்கம் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மகளையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டில் ஒன்றைக் கத்தரியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். மூடியையும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாக அமுக்கிக் கலக்குங்கள். பாட்டில் துண்டு அடியில் போய் உட்காரும், மூடித் துண்டு மேலே மிதக்கும். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம், அடர்த்தி 1.38 அளவில் இருக்கும். மூடி செய்யும் பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசு. மறுசுழற்சி ஆலையில் தொட்டி தொட்டியாக நடப்பதும் இதேதான். பாட்டிலை அரைத்து, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் பசை போகக் கழுவி, மிதப்பதைத் தனியாக வழித்து எடுத்துவிடுவார்கள்.

இப்போது லேபிளைப் போடுங்கள். அது பிவிசி என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த சுருக்கு லேபிளாக இருந்தால் பாட்டில் துண்டோடு சேர்ந்து அடியிலேயே உட்காரும். தண்ணீரால் பிரிக்க முடியாது. உருக்கும்போது அந்தக் கொஞ்சம் பிவிசியே பெட்டைப் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். மிதக்கிற வகை லேபிள் என்றால் இந்தத் தொல்லை இல்லை. எந்த லேபிள் வாங்குவது என்று உங்கள் கம்பெனியில் யார் முடிவு செய்கிறார்கள்? லேபிள் ஏஜென்ட் காட்டுவதில் விலை குறைவானதை நீங்கள் எடுத்திருப்பீர்கள். அந்த ஒரு முடிவுதான் பாட்டில் மறுபடி பொருளாகுமா குப்பையாகுமா என்பதைப் பாதி தீர்மானிக்கிறது. உங்கள் மகள் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தன. 2022 பிப்ரவரியில் அதில் உற்பத்தியாளர் பொறுப்பை விரிவாகச் சேர்த்தார்கள். சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்கு விட்டவரே கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பாட்டில் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளில் மறுசுழற்சிப் பொருள் 2025-26-ல் 30 சதவீதம், 2028-29-ல் 60 சதவீதம் என்று அந்த அறிவிக்கையில் இலக்கு வைத்தார்கள். சின்னக் கம்பெனிக்கும் பெரிய பிராண்டுக்கும் கடமை ஒன்றல்ல. நீங்கள் எந்த வகையில் வருகிறீர்கள் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒரு நாள் நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதோடு 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் தண்ணீரை அதிக அபாயமுள்ள உணவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. வருடா வருடம் தணிக்கை உண்டு. ஆக, சோதனை தெரிந்த ஆளும் கழிவுக் கணக்கு தெரிந்த ஆளும் இல்லாமல் இந்தத் தொழிலை இனி ஓட்ட முடியாது.

சரி, படிப்புக்கு வருவோம். என் முதல் யோசனை பி.எஸ்சி. வேதியியல். கும்பகோணத்தில் 1854-ல் ஆரம்பித்த அரசு கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. மன்னார்குடியிலும் திருவாரூரிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. நுண்ணுயிரியல் பிடித்தால் அதுவும் நல்லதே. தண்ணீர்க் கம்பெனி ஆய்வகத்தில் கோலிஃபார்ம் என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அதைப் படித்தவர்கள்தான். மேல்படிப்புக்குத் திருவாரூர் பக்கம் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, முதுகலைக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குள் அவள் மனம் பிளாஸ்டிக் பக்கம் போனால், சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனத்தில், அறிவியல் பட்டதாரிகளுக்கென்றே பிளாஸ்டிக் பதப்படுத்தலிலும் சோதனையிலும் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. எனக்குக் கேட்டால் பாப்பாவுக்கு மிகப் பொருத்தமான பாதை இதுதான். ஜேஇஇ எழுதியிருந்தால் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பம் பி.டெக். கேட்கலாம். எழுதவில்லை என்றால் அதற்காக ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

வேலை எங்கே கிடைக்கும் என்பதுதானே உங்கள் கவலை. தண்ணீர், உணவு சோதனைக் கூடங்கள், பாட்டிலை அரைத்து நூலாக்கும் ஆலைகள், பெரிய நிறுவனங்களில் கழிவுக் கணக்குப் பிரிவு, தேர்வு எழுதினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆரம்பச் சம்பளம் ஐடி கம்பெனி மாதிரி இருக்காது. இதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனமில்லை. இரண்டு மூன்று வருடம் ஆய்வகத்தில் கை பழகியவர்களுக்குத்தான் நல்ல இடம் கிடைக்கும்.

அப்புறம், உங்களிடம் ஒரு கோரிக்கை. மகளைச் சமாதானப்படுத்தப் பேச வேண்டாம். இந்த விடுமுறையில் ஒரு மாதம் கம்பெனியில் மூன்று கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரத்திலிருந்து தினமும் எத்தனை லிட்டர் ரிஜெக்ட் தண்ணீர், அதாவது கழித்துவிடும் தண்ணீர், வெளியே போகிறது. கேன்களின் முதல் கழுவலுக்கும் தரைக்கும் கழிப்பறைக்கும் அதில் எவ்வளவு போதும். மண்டபத்துக்குப் போன பாட்டிலில் எத்தனை காயலாங்கடைக்கு வந்து சேர்கிறது. ரிஜெக்ட் தண்ணீரில் உப்பு திரண்டிருக்கும் என்பதால் அதை அப்படியே வயல் வாய்க்காலில் விடாதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் 20 லிட்டர் கேனை நினைத்து வெட்கப்பட வேண்டாம். போய்ப் போய்த் திரும்பி வருகிற பொருள் அது. என்னை உறுத்துவது 300 மில்லி பாட்டில்தான். முகூர்த்தம் முடிந்து பந்தியும் எழுந்த பிறகு மண்டபத்து மேசைகளைப் பாருங்கள், இரண்டு வாய் குடித்துவிட்டு மூடாமல் வைத்த பாட்டில் வரிசையாக நிற்கும். அதை ஒரே நாளில் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, உங்கள் வரவில் பாதி அதில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மண்டபக்காரர்களிடம் “பந்திக்குக் கேனும் எவர்சில்வர் டம்ளரும் நாங்களே தருகிறோம், காலி பாட்டில் இருந்தால் மூட்டையாக நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று ஒரு விலை பேசிப் பார்க்கலாம். அந்த விலையை மகளே போடட்டும். அவள் மறுக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பார்த்து முதலில் அதைப் போட்டுவிடுங்கள். வரும் வியாழக்கிழமை மாலை இருவரும் கும்பகோணம் வாருங்கள். மார்க் ஷீட் நகலோடு உங்கள் லேபிள் ரோலிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொண்டுவாருங்கள். வாளி இங்கே இருக்கிறது.