பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஜாக்குலின் வில்சனின் கதைகளைக் கொடுக்கலாமா?

பெற்றோரின் பிரிவையும் சிறுவர் இல்ல வாழ்க்கையையும் எழுதும் ஜாக்குலின் வில்சனின் கதைகள் பத்து வயதுப் பிள்ளைகளின் மனதை வருத்திவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிப் பக்கத்து வாசிகசாலையொன்றில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பவள் நான். தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து.

1945இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த வில்சனுக்குப் பெரும் பெயரைத் தந்தது 1991இல் வெளிவந்த 'த ஸ்டோரி ஒஃப் ட்ரேசி பீக்கர்'. சிறுவர் இல்லத்தில் வளரும் பத்து வயது ட்ரேசி தன் கதையைத் தானே எழுதுகிறாள். தாய் ஹொலிவூட்டில் நடிகையாக இருப்பதாகவும், ஒரு நாள் வந்து தன்னைக் கூட்டிச் செல்வாள் என்றும் நம்பிக் காத்திருக்கிறாள். அழுதேன் என்று மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவே மாட்டாள். கண்ணில் நீர் வடிந்தால் அது ஒவ்வாமையால் வருவது என்று சாதிப்பாள். அந்த இடத்தை வாசித்தபோது தரம் ஐந்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, "அவ அழுறா டீச்சர், சொல்றா இல்ல" என்றாள். நான் விளக்குவதற்கு அதற்குமேல் எதுவும் இருக்கவில்லை.

தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் பலர். போரிலும் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையிலும் பெற்றோரை இழந்து இல்லங்களில் வளர்ந்தவர்கள் இன்று தாமே பெற்றோராக இருக்கிறார்கள். துன்பம் இப்பிள்ளைகளுக்குப் புதிதல்ல; அதைப் பற்றிப் பெரியவர் ஒருவர் மறைக்காமல் பேசுவதுதான் புதிது.

வில்சனிடம் நான் மிகவும் மதிப்பது, பிள்ளைகளுக்கு அவர் பொய் ஆறுதல் சொல்லாததை. 1992இல் வந்த 'த சூட்கேஸ் கிட்' கதையில், ஆண்டி என்ற சிறுமி ராடிஷ் என்னும் சின்னஞ்சிறு முயல் பொம்மையைக் கூடவே வைத்துக்கொண்டு, ஒரு கிழமை தாயிடமும் மறு கிழமை தந்தையிடமுமாக மாறி மாறி வாழ்கிறாள். பெற்றோர் மீண்டும் சேர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. கதை முடியும்வரை அது நிறைவேறுவதில்லை. ஆயினும் அந்த இரண்டு வீட்டு வாழ்க்கைக்குள்ளும் அவள் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறாள். நல்ல முடிவு என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடுவது என்று பழகிய நமக்கு இது கடினமாகத் தோன்றலாம், ஆனால் பிள்ளைகள் இதை நிதானமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வயதில் கொடுக்க வேண்டியதில்லை. மனநோயால் அவதிப்படும் தாயையும் அவருடைய இரு மகள்மாரையும் பற்றிய 'த இலஸ்ட்ரேட்டட் மம்' (1999) மிகச் சிறந்த நூல்தான். ஆனாலும் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வாசிப்பதே நல்லது.

மற்றொன்று. தாயைப் பிரிந்த பிள்ளையைத் தனியே அழைத்து, 'இது உன்னைப் போன்ற ஒருத்தியின் கதை' என்று புத்தகத்தை நீட்டாதீர்கள். அது அந்தப் பிள்ளையை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதாகிவிடும். 2005 முதல் 2007 வரை பிரித்தானியாவில் சிறந்த சிறுவர் எழுத்தாளருக்கோ ஓவியருக்கோ வழங்கப்படும் 'சில்ட்ரன்ஸ் லோரியட்' என்ற கௌரவப் பதவியில் இருந்த காலத்தில் வில்சன் வலியுறுத்தியதும் பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவதைத்தான். எல்லாரையும் ஒன்றாக இருத்தி வாசியுங்கள். முடிந்ததும் யாரையும் கேள்வி கேட்காதீர்கள். பேச விரும்பும் பிள்ளை, மற்றவர்கள் போன பிறகு பாயைச் சுருட்டித் தரும் சாக்கில் உங்களிடம் வரும்.